வரப்பில் ஒருவர் இறங்க வேண்டும்

அத்தியாயம் 14

செம்மொழியை அப்பாவின் கட்டிலோரத்தில் கையில் புத்தகத்தோடு விட்டுவிட்டு வந்தோம். பொய் வாசித்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் இதழ் கிடைக்காதவர்களுக்காக: புத்தகத்தின் பெயர் ‘மாமனாரும் மலையும்’. எழுதியவர் செம்மொழியின் கணவர் பரிதி. இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி, முகநூலில் நகைச்சுவைக்காரர். போன வருடம் நண்பர்களோடு இமயமலைக்கு நடைபயணம் கிளம்பியபோது கடைசி நேரத்தில் ஒருவர் கழன்றுகொள்ள, அந்த இடத்தில் மாமனார் செல்லதுரையைக் கூட்டிக்கொண்டு போனார். வரப்பைத் தவிர வேறு மேடு ஏறாத மனிதர். திரும்பி வந்து பரிதி அதைப் புத்தகமாக எழுதினார். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் அதைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

செல்லதுரை சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் படிக்கவில்லை. கண்புரை ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு பாபநாசத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு மாதத்துக்குப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் செம்மொழி தினம் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினாள். எட்டாவது வரை அங்கங்கே ஒரு வரியைத் தாண்டினால் போதுமாக இருந்தது. ஒன்பதாவதில் தாண்டுவதற்கு வழியில்லை. முழு அத்தியாயத்தையும் அவளே இட்டுக்கட்டினாள்.

அவள் சொன்ன கதையில் இறக்கத்தில் கால் தடுமாறியவர் பரிதி. மருமகனின் கையைப் பிடித்து இழுத்து, அந்த வேகத்தில் தான் சரிந்து கணுக்காலை உடைத்துக்கொண்டவர் செல்லதுரை.

கேட்டுவிட்டு அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாப்ள அப்படியா எழுதியிருக்காரு?”

“ஆமாப்பா.”

“அந்த இடத்த இன்னொரு தடவ படிம்மா.”

படித்தாள். புத்தகத்தில் இல்லாததை இரண்டாவது தடவையும் அதே மாதிரி படிப்பது லேசான வேலை இல்லை.

“மாப்ளைக்குப் பெரிய மனசு,” என்றார் அப்பா. இரவு சோறு வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம் சாப்பிட்டார். செம்மொழிக்குத்தான் இறங்கவில்லை.

அது சனிக்கிழமை. இன்றைக்கு ஞாயிறு.

*

“ஏற்புரையில மாமாவப் பத்தி ரெண்டு ஜோக் வெச்சிருக்கேன். சொல்லட்டா?” என்றார் பரிதி, இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டே.

மூன்று மணிக்கு ஞாயிறு வாசகர் வட்டக் கூட்டம். அஹமது கபீரின் செருப்புக்கடை மாடியில் நடக்கும். இந்த மாதப் புத்தகம் ‘மாமனாரும் மலையும்’. எழுதியவருக்குப் பாராட்டு, மாமனாருக்குப் பொன்னாடை.

“அப்பா இன்னிக்கு வர வேண்டாங்க,” என்றாள் செம்மொழி.

“ஏன்?”

“கண்ணுல தூசி படக் கூடாதுன்னாங்க.”

“கபீர் பாய் மாடியில என்ன தூசி? செருப்பு அட்டப்பெட்டிதான் இருக்கும். பொன்னாடை வாங்கியாச்சு. ‘புத்தகத்தின் கதாநாயகன்’னு நோட்டீஸ்ல பேரு போட்டாச்சு.”

“அப்ப ஒன்பதாவது அத்தியாயத்த வாசிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“அதானே புக்கோட உயிரு.” பரிதி நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “ரெண்டாவது பதிப்பு அதுக்காகத்தான் வருது. அந்த அத்தியாயத்துக்கு நீயே விழுந்து விழுந்து சிரிச்சியே.”

சிரித்தாள்தான். அதுதான் இப்போது உறுத்துகிறது. அச்சுக்குப் போவதற்கு முன் பரிதி படித்துக் காட்டியபோது, பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் சிநேகிதிகள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா மலை மேல் வாந்தி எடுக்கிறார், ஜாக்கெட்டில் ரவை ஒட்டியிருக்கிறது, கழுதையைப் பார்த்து நடுங்குகிறார். வேறொருத்தி அப்பனைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுச் சிரித்தாள். அச்சாகி வந்த பிறகு தனியாக உட்கார்ந்து வாசித்தபோதுதான் அந்த வரி கண்ணில் குத்தியது. ‘பரம்பரை பரம்பரையாக வழிவிட்டுப் பழகிய கால்கள் அல்லவா?’

யார் பரம்பரை? அவளுடைய பரம்பரைதான். பரிதியின் பரம்பரையும் அதேதான். அவர் அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்து டவுனுக்கு வந்துவிட்டதால், சேறு தன் குடும்பத்தின் மேல் படவே இல்லை என்று அவருக்கு நினைப்பு.

பயணம் முடிந்து வந்த அன்றைக்கு அந்த ஜாக்கெட்டைத் துவைத்தவள் அவள்தான். நீல ஜாக்கெட்டின் முன்பக்கம் முழுக்கக் காய்ந்த வாந்தி. “மாமாவத் தாங்கிப் புடிச்சேன், என் மேலயே எடுத்துட்டாரு,” என்றார் பரிதி. அவருடைய பேன்ட்டில் இரண்டு தொடைக்கும் உள்பக்கம் பழுப்பு மயிர் அப்பிக் கிடந்தது. கூடாரத்துக் கம்பளியில் ஒட்டியது என்றார். வாஷிங் மெஷின் வடிகட்டியிலிருந்து அந்த மயிரைக் கையால் வழித்து எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் வாந்திதானே என்று சகித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. கிராமத்திலிருந்து அம்மா கண்ணாத்தாள்.

“ஏண்டி, அந்தப் புஸ்தகத்துல உங்கப்பாவப் பத்தி என்னதான் எழுதியிருக்கு?”

“ஏம்மா?”

“பால் சொசைட்டிக்கு நான் போனா பேச்ச நிறுத்துறாளுவ. அந்தத் தங்கமணி, அடுத்த தடவ மலைக்கு அனுப்புனா வாந்தி மாத்திரை குடுத்து விடுக்கான்னுட்டுச் சிரிக்கிறா.”

செம்மொழி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“நாப்பது வருசமா குடும்பம் நடத்துறேன். உங்கப்பாவுக்கு வாந்தி வந்து நான் ஒருநாளும் பாத்ததில்லயேடி,” என்றாள் கண்ணாத்தாள்.

வெளியறையிலிருந்து செல்லதுரை குரல் கொடுத்தார். “செம்மொழி, என் செருப்பத் தொடச்சு வெச்சியாம்மா? நாலு பேரு பாக்குற எடம்.”

*

கபீர் கடை மாடியில் ரப்பர் வாசனை. சுவரோரம் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்தப் புத்தகம் வந்த பிறகு மலையேறும் ஷூ இரண்டு ஜோடி விற்றது என்று கபீர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யார் வாங்கினார்கள், எந்த மலையில் ஏறினார்கள் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும்.

செல்லதுரை படியேறி வந்து சேர ஐந்து நிமிடம் ஆனது. வலது கணுக்காலில் தகடு வைத்திருக்கிறது. சேற்றில் இறங்க முடியாது என்பதால் இந்தக் குறுவைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் நடாத முதல் குறுவை இது. கறுப்புக் கண்ணாடியும் சலவை வேட்டியுமாக முன்வரிசையில் உட்கார்ந்ததும் நாலு பேர் வந்து கைகொடுத்தார்கள். அதில் இரண்டு பேர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை அவர் பார்க்கவில்லை. செம்மொழி பார்த்தாள்.

அவள் கபீரைத் தனியாக ஓரங்கட்டினாள். “பாய், ஒன்பதாவது அத்தியாயம் மட்டும் வேண்டாமே.”

“அட, அண்ணனே எதிர்ல உக்காந்திருக்காரு. அதுக்கு மேல வேற என்னம்மா வேணும்?” என்றார் கபீர். கெட்ட மனிதர் இல்லை. சிரிப்பு வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் தெரியாது.

முதலில் ஹலீமா பேசினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்.

“எட்டு அத்தியாயமும் பஸ்ஸுல படிச்சேன். பக்கத்து சீட்டு அம்மா என்னாச்சுன்னு கேக்குற அளவுக்குச் சிரிச்சேன். மலை மேல சோறு வேகலன்னு மாமா ராவெல்லாம் அடுப்பையே பாத்துட்டு உக்காந்திருப்பாருல்ல, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஒன்பதாவதுக்கு அப்புறம் மட்டும் மூடி வெச்சிட்டேன். ஏன்னு தெரியலங்க.”

அடுத்து சாரங்கபாணி எழுந்தார். நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். எந்தப் புத்தகத்தையும் நான்கு எல்லை சரியாக இருக்கிறதா என்றுதான் படிப்பார்.

“நூத்திப் பன்னெண்டாம் பக்கம். கழுதைக்கு இருபது அடி பின்னால நடந்து வந்தேங்கிறாரு. அதே வரியிலயே, மாமா வழுக்கை என் காலுக்குக் கீழ பளபளத்துச்சுங்கிறாரு. இருபது அடி தள்ளி நடக்குறவர் காலுக்குக் கீழ வழுக்கை எப்படிங்க வரும்? தஸ்தாவேஜுல இப்படி எழுதுனா செல்லாது.”

எல்லோரும் சிரித்தார்கள். பரிதியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“நகைச்சுவைங்க ஐயா. டேப்பு வெச்சா அளப்பாங்க?”

“நான் அளப்பேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் சாரங்கபாணி.

மூன்றாவதாக ஜன்னத் பீவி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் டீச்சர். எழுந்திருக்காமலே பேசினார்.

“எனக்குச் சிரிப்பு வரலை தம்பி. குமட்டிக்கிட்டு வந்துச்சு. அதுவும் அந்த ஒன்பதாவது அத்தியாயம். படிச்சுட்டுக் கையக் கழுவிட்டு வந்து உக்காந்தேன்.”

பரிதியின் முகம் சுருங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து செல்லதுரை பேசினார். குரலில் நிஜமான குழப்பம் இருந்தது.

“அது நல்ல அத்தியாயமாச்சே டீச்சர். மாப்ள தடுமாறுனாரு, நான் கையப் புடிச்சு இழுத்தேன்னு எழுதியிருக்காரே. நேத்துக் கூட ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன்.”

பரிதி திரும்பி மனைவியைப் பார்த்தார். செம்மொழி தரையைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு இலையைப் பார்க்கத் தைரியம் வருமா?

கபீருக்கு இது அண்ணன் அடிக்கும் ஜோக் என்று தோன்றிவிட்டது. “நீங்க வேற அண்ணே. இருங்க, நானே வாசிக்கிறேன்,” என்று புத்தகத்தைப் பிரித்தார்.

“பாய், வேண்டாம்,” என்றாள் செம்மொழி.

கபீர் ஏற்கெனவே தொண்டையைச் செருமியிருந்தார். நாடகக்காரர் குரல் அவருக்கு. ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

“‘காலையில் தின்ற உப்புமா மூன்று தவணையாகத் திரும்பி வந்து மாமாவுக்கு வணக்கம் சொன்னது. என் நீல ஜாக்கெட்டில் ரவையை எண்ணலாம் போலிருந்தது. மாமாவின் கண்கள் சொருகின. அப்போது பின்னால் மணியோசை. சுமையோடு ஒரு கோவேறு கழுதை இறங்கி வந்தது. மாமா கழுதையைப் பார்த்தார். கழுதை மாமாவைப் பார்த்தது. யார் பயந்தது என்று உங்களுக்கே தெரியும். பரம்பரை பரம்பரையாக வழிவிட்டுப் பழகிய கால்கள் அல்லவா? கழுதைக்கும் கைகட்டிப் பாதையை விட்டு இறங்கினார். இறங்கிய பக்கம் பள்ளம். இருபது அடி பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த எனக்கு, என் காலுக்குக் கீழே மாமாவின் வழுக்கை பளபளவென்று மறைவது தெரிந்தது.’”

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் சிரிக்க ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செல்லதுரை மகள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“இதும்மா... நீ வாசிச்சதுல இது இல்லயே.”

“இல்லப்பா.”

“அது நீயா சொன்னதா?”

“ஆமாப்பா.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. சலவை வேட்டியின் மடிப்பை விரலால் ஒருமுறை நீவினார். நேற்று ஒரு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்ட சந்தோஷம் அவர் முகத்திலிருந்து போவதைச் செம்மொழி உட்கார்ந்து பார்த்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எழுதினவன் ஒருமுறைதான் ஏமாற்றினான். அவள் ஒன்பது நாள் ஏமாற்றினாள்.

“அண்ணே, சும்மா தமாசுக்கு...” என்று கபீர் இழுத்தார்.

“தமாசுதான் பாய்.” செல்லதுரை நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார். “நல்லாத்தான் எழுதியிருக்காரு. ரெண்டு விசயம் மட்டும் சொல்லிட்டு உக்காந்துடறேன்.”

கபீர் புத்தகத்தை மூடினார்.

“எங்க அப்பா காலத்துல மிராசுதார் எதுர வந்தா வரப்ப விட்டு சேத்துல எறங்கி நிக்கணும். துண்டு இடுப்புக்கு வந்துடும். எங்க அப்பா நின்னாரு, நான் பாத்திருக்கேன். நான் நிக்கல. எங்க காலத்துல விவசாயிங்க சங்கம் வந்துடுச்சு. எந்த மனுசனுக்கும் நான் வரப்ப விட்டு எறங்குனதில்ல. சுமைக்கு எறங்குவேன். தலையில கட்டோட வர்றவன் நடுவுல நிக்க முடியாதுல்ல. வெறுங்கையா வர்றவன்தான் எறங்கணும். அது பயம் இல்லீங்க, மொறை. மலையிலயும் அந்த நெனப்புலதான் எறங்குனேன். நம்மூர்ல எறங்குனா முழங்கால் அளவு சேறு. அங்க தரையே இல்ல. அது என் தப்புதான்.”

“கழுதை மேல என்னண்ணே சுமை இருந்துச்சு?” என்று கேட்டார் ஜன்னத் பீவி.

செல்லதுரை கொஞ்சம் யோசித்தார்.

“அத விடுங்க டீச்சர். ரெண்டாவது விசயம். வாந்தி என்னுதாவே இருக்கட்டும். அதுல ஒண்ணும் கொறைஞ்சிடல. ஆனா பயந்து எறங்குனேன்னு மட்டும் எழுதியிருக்க வேண்டாம்.”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

வாந்தி என்னுதாவே இருக்கட்டும்.

செம்மொழி அந்த வரியை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நாற்பது வருடமாக வாந்தி எடுக்காத மனிதர். நீல ஜாக்கெட். பேன்ட்டின் உள்தொடையில் பழுப்பு மயிர். கம்பளியைப் போர்த்திக்கொண்டால் மயிர் அங்கேயா ஒட்டும்? சவாரி செய்தவனுக்குத்தான் அங்கே ஒட்டும்.

சாரங்கபாணி கணக்கை முடித்துவிட்டார் என்பது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. “கழுதை மேல உக்காந்திருந்தா வழுக்கை காலுக்குக் கீழதான் தெரியும்,” என்று பக்கத்தில் இருந்த ஹலீமாவிடம் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. மாடி முழுக்கக் கேட்டது.

எல்லோரும் பரிதியைப் பார்த்தார்கள். அவர் ஏற்புரைக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கபீர் பொன்னாடையோடு வந்தார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

“இன்னிக்கு வேண்டாம் பாய்,” என்றார் செல்லதுரை. “மேல போட்டா வேர்க்கும்.”

*

காரில் கிளம்பினார்கள். பரிதி ஓட்டினார். பின்சீட்டில் அப்பாவும் மகளும். கண்ணாத்தாளைப் பார்த்துவிட்டு வர வேண்டும், கிராமத்துக்கு விடுங்கள் என்று செல்லதுரை கேட்டிருந்தார். குறுவை அறுப்புச் சமயம். வாய்க்கால் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். மேற்கே கறுத்து வந்ததால் சிலர் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மைல் போன பிறகு செம்மொழி கேட்டாள்.

“கழுதை மேல யாரு இருந்தது?”

பரிதி கியரை மாற்றினார்.

“உங்களத்தான் கேக்குறேன்.”

“தலை சுத்துச்சு,” என்றார் பரிதி, ரோட்டைப் பார்த்தபடியே. “காத்து பத்தல. நடக்க முடியலன்னு அவங்கதான் ஏத்தி விட்டாங்க. யாருக்கு வேணா வரும் அது.”

“வரும். தப்பே இல்ல. அத எழுதியிருந்தா நான் இன்னும் நல்லாச் சிரிச்சிருப்பேன்.”

“புக்குக்கு ஒரு ஹீரோ வேணும் செம்மொழி. ஒரு காமெடியனும் வேணும்.”

செம்மொழி சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்தாள். ஜன்னலை இறக்கினாள். ஈர வைக்கோல் வாசனை உள்ளே வந்தது. பதினோரு வருடம் இவர் சட்டையைத் துவைத்திருக்கிறோம், இவர் எச்சில் டம்ளரில் தண்ணீர் குடித்திருக்கிறோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பே நாக்கில் கசந்தது.

“விடும்மா,” என்றார் அப்பா. “வீட்டு விசயம்.”

“நீங்க ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?”

“என்னத்தச் சொல்றது? மாப்ள உசுரோட எறங்கி வந்தாரு. அது போதும்னு இருந்துச்சு.”

எதிரே ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் ஒரு நெல் மூட்டை, பாருக்குக் குறுக்கே இன்னொன்று. ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் வாய்க்கால் கரைச் சேறு. நடுவில் ஒரு வண்டிக்குத்தான் இடம். பரிதி ஹாரனை அழுத்தினார். அந்த மனிதர் நின்று, மூட்டைகளைத் தாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று பார்த்தார். பரிதி மறுபடியும் அழுத்தினார்.

“மாப்ள,” என்றார் செல்லதுரை. “நாம எறங்கிக்குவோம்.”

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. பரிதியின் கை ஹாரனிலிருந்து விலகியது. ஸ்டீயரிங்கை ஒடித்தார். கார் ரோட்டை விட்டு இறங்கியது. முன்சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது.

சைக்கிள்காரர் கடந்து போகும்போது, “வர்றேங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரிதி கதவைத் திறந்து இறங்கினார். வெள்ளை ஷூ கணுக்கால் வரை உள்ளே போனது. சக்கரத்தைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

செம்மொழி கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. விரல் பட்டுப் பட்டு அந்த இடம் தானாகவே பிரிந்தது. ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“இனிமே நான் அப்பாவுக்கு வாசிக்க மாட்டேன். நீங்க வாசிங்க.”

“வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்.”

“இங்கயே வாசிங்க. நீங்க எழுதுனத வாசிங்க, இல்லன்னா நடந்தத வாசிங்க. எனக்கு இட்டுக்கட்டி வாசிக்கத் தெம்பில்ல.”

“வேண்டாம்மா,” என்றார் அப்பா.

“வேணும்ப்பா. ரெண்டாவது பதிப்பு வரப் போவுது. எந்த அத்தியாயம் வரப் போவுதுன்னு எனக்குத் தெரியணும்.”

முதல் தூறல் விழுந்தது. பரிதி புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பக்கத்தைப் பார்த்தார். அவருடைய வரிகள்தான், இருநூறு தடவையாவது படித்திருப்பார்.

“காலையில் தின்ற உப்புமா...” என்று தொடங்கினார். நிறுத்தினார். “மாமா,” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

செல்லதுரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்ன கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தண்ணீர் கோத்த கண்ணோடு, சேற்றில் நிற்கும் மருமகனைப் பார்த்தார்.

“சொல்லுங்க மாப்ள,” என்றார். “கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”